அல்போன்சோ டேவிஸ்: திறமைக்குத் திறந்த கதவுகள்

மாஸ்கோவில் 2018 ஜூன் 13 அன்று ஃபிஃபா மாநாடு கூடியது. 2026ஆம் ஆண்டின் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தும் உரிமை யாருக்கு என்பதை உறுப்பு நாடுகள் வாக்களித்து முடிவுசெய்ய வேண்டிய நாள் அது. ஒருபுறம் மொராக்கோ, மறுபுறம் கனடா, மெக்சிகோ, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் கூட்டு விண்ணப்பம். கூட்டு விண்ணப்பத்துக்காக மேடையேறிப் பேசியவர்களில் ஒருவருக்கு வயது 17. தான் கானாவிலுள்ள ஓர் அகதி முகாமில் பிறந்ததையும், ஐந்து வயதில் கனடா தன் குடும்பத்தை வரவேற்றதையும் அவர் சுருக்கமாகச் சொன்னார். வாக்கெடுப்பில் கூட்டு விண்ணப்பத்துக்கு 134 வாக்குகளும் மொராக்கோவுக்கு 65 வாக்குகளும் கிடைத்தன.

அந்த இளைஞரின் பெயர் அல்போன்சோ டேவிஸ். அடுத்த ஆறு வாரங்களில் ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, 19 வயதில், ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பையை அவர் கையில் ஏந்தினார். இந்த வரலாறு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்லப்படுகிறது: வறுமையில் பிறந்தார், உழைத்தார், வென்றார். உழைப்பும் திறமையும் அவருடையவை என்பதில் ஐயமில்லை. ஆனால், அவருடைய தொடக்க ஆண்டுகளை நிதானமாகப் பார்த்தால், ஏறக்குறைய ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விதியோ, ஒரு கட்டணமோ, ஓர் ஆவணமோ அவரைத் தடுத்து நிறுத்தியிருக்க முடியும் என்பது புலப்படும். அந்த இடங்களிலெல்லாம் யாரோ ஒருவர், அல்லது ஏதோ ஓர் ஏற்பாடு, வழிவிட்டிருக்கிறது. டேவிஸின் கதையில் நாம் கற்க வேண்டிய பகுதி அதுவே.

முகாமில் பிறந்த குழந்தை: மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் 1989 இறுதியில் உள்நாட்டுப் போர் மூண்டது. 1997இல் ஓய்ந்த போர், 1999இல் மீண்டும் தொடங்கி 2003 வரை நீடித்தது. இரண்டு போர்களிலும் சேர்த்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சிறுவர்கள் கைகளில் துப்பாக்கிகள் திணிக்கப்பட்டன. பல லட்சம் பேர் அண்டை நாடுகளுக்குத் தப்பியோடினர். தலைநகர் மன்ரோவியாவிலிருந்து வெளியேறியவர்களில் டேவிஸின் பெற்றோரும் இருந்தனர். கானாவின் தலைநகர் அக்ராவுக்கு மேற்கே, லைபீரிய அகதிகளுக்காக 1990இல் ஐநா அகதிகள் முகமை அமைத்த புடுபுராம் முகாம் அவர்களுக்குப் புகலிடம் ஆனது. 2000 நவம்பர் 2 அன்று டேவிஸ் அங்கே பிறந்தார்.

உயிர் பிழைத்தவர்களுக்குப் புடுபுராம் பாதுகாப்பைக் கொடுத்தது, எதிர்காலத்தைக் கொடுக்கவில்லை. உணவுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு. வேலைக்கு வழி குறைவு. கானாவின் குடியுரிமைச் சட்டப்படி அந்த மண்ணில் பிறந்ததாலேயே ஒரு குழந்தை அந்நாட்டின் குடிமகனாகிவிட முடியாது. பெற்றோரோ, தாத்தா பாட்டியோ அந்நாட்டவராக இருக்க வேண்டும். எனவே, முகாமில் பிறந்த குழந்தைகள் தாங்கள் பார்த்தேயிராத லைபீரியாவைச் சேர்ந்தவர்களாகவும், தாங்கள் வாழ்ந்த கானாவுக்கு அந்நியர்களாகவும் வளர்ந்தனர்.

அகதி வாழ்வுக்கு மூன்று தீர்வுகளை ஐநா அகதிகள் முகமை முன்வைக்கிறது. சொந்த நாட்டுக்குத் திரும்புவது, தஞ்சமடைந்த நாட்டிலேயே நிலைத்துவிடுவது, மூன்றாவது ஒரு நாட்டில் மீள்குடியேறுவது. இவற்றில் மூன்றாவது மிக அரிது. உலக அகதிகளில் நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே ஓர் ஆண்டில் அந்த வாய்ப்பு அமைகிறது. டேவிஸின் குடும்பத்துக்கு அது அமைந்தது. 2005இல் அவர்கள் கனடா சென்றனர். ஆன்டாரியோ மாகாணத்தின் வின்ட்சர் நகரில் ஏறக்குறைய ஓராண்டு தங்கிவிட்டு, ஆல்பர்ட்டா மாகாணத்தின் எட்மன்டனுக்குக் குடிபெயர்ந்தனர்.

முகாமிலேயே தங்கிவிட்டவர்களின் நிலையையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். லைபீரியாவில் அமைதி திரும்பிவிட்டதைக் காரணம் காட்டி, 2012 ஜூன் 30 உடன் லைபீரியர்களுக்கான அகதித் தகுதி முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. திரும்பிச் செல்வதா, கானாவிலேயே ஏதேனும் ஒரு வழியில் நிலைப்பதா என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்போது டேவிஸுக்கு 11 வயது. எட்மன்டனில் பள்ளி மாணவராக இருந்தார். அதே முகாமில் பிறந்த அவர் வயதுச் சிறுவர்களில் அவரைவிட வேகமாக ஓடக்கூடியவர்கள் இருந்தார்களா என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை.

கட்டணமில்லாத களம்: எட்மன்டன், கடுங்குளிருக்குப் பெயர் பெற்ற நகரம். அங்கே மக்களின் முதன்மையான விளையாட்டு பனிச்சறுக்கு ஹாக்கி. கால்பந்தும் பரவலாக ஆடப்படுகிறது என்றாலும், வட அமெரிக்காவில் அது பணம் கட்டி ஆடும் விளையாட்டு. பிரேசிலின் தெருக்களிலும் செனகலின் மணல்வெளிகளிலும் நடப்பதுபோல, நான்கு பேர் கூடினால் ஆட்டம் தொடங்கிவிடும் என்ற நிலை அங்கே இல்லை. குழந்தை ஒரு கிளப்பில் சேர வேண்டுமானால் பதிவுக் கட்டணம் செலுத்த வேண்டும்; காலணியும் சீருடையும் வாங்க வேண்டும்; வாரந்தோறும் பயிற்சிக்கும் போட்டிக்கும் பெற்றோரில் ஒருவர் காரில் அழைத்துச் செல்ல வேண்டும். புதிதாக வந்து நேரங்கெட்ட நேரத்தில் வேலை பார்க்கும் பெற்றோருக்கு இந்த மூன்றும் எளிதல்ல. டேவிஸின் பெற்றோர் வேலைக்குச் சென்ற வேளைகளில் தம்பியையும் தங்கையையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அந்தச் சிறுவனிடம் இருந்தது.

இந்த இடத்தில்தான் ‘ஃப்ரீ ஃபுட்டி’ என்ற அமைப்பு வருகிறது. எட்மன்டனின் வசதி குறைந்த பகுதிப் பள்ளிகளில், வகுப்பு முடிந்த பிறகு குழந்தைகளுக்கு இலவசமாகக் கால்பந்து ஆட வாய்ப்பளிக்கும் லீக் அது. டிம் ஆடம்ஸ் என்பவர் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் பதிவுக் கட்டணம் இல்லை. விளையாட்டுக் கருவிகளும் போக்குவரத்தும் குழந்தைகளைத் தேடி வரும். சிறந்த வீரர்களைக் கண்டுபிடிப்பது அதன் நோக்கமாக இருக்கவில்லை. பணமில்லை என்பதற்காக ஒரு குழந்தை விளையாட்டுத் திடலுக்கு வெளியே நிற்கக் கூடாது என்பதே நோக்கம். அன்னை தெரசாவின் பெயர் தாங்கிய தொடக்கப் பள்ளியில் படித்த டேவிஸ், இந்த லீக்கின் வழியாகத்தான் முறையான ஆட்டத்துக்கு வந்தார்.

பள்ளி ஆசிரியர்களின் கண்ணில் அவருடைய வேகம் விரைவிலேயே பட்டது. பிறகு செயின்ட் நிக்கோலஸ் நடுநிலைப் பள்ளியின் கால்பந்துப் பயிற்சித் திட்டத்தில் சேர்ந்து, மார்கோ பாசியோவிடம் பயிற்சி பெற்றார். எட்மன்டன் ஸ்ட்ரைக்கர்ஸ் கிளப்பில் அவருக்குப் பயிற்றுநராக இருந்த நிக் ஹுவோசே, பின்னாளில் அவருடைய முகவராகவும் ஆனார். திடலுக்கு வெளியிலும் குடும்பத்துக்குத் துணை நின்றவர்கள் இவர்கள். டேவிஸைத் தேர்வாளர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று எழுதுவது வழக்கம். ஆனால், கண்டுபிடிக்கப்படும் இடத்துக்கு அவர் வந்து சேர்வதற்கே இத்தனை பேர் தேவைப்பட்டனர்.

14 வயதில் ஒரு பிரிவு: கனடாவின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் நகரின் ஒயிட்கேப்ஸ் அணி, அமெரிக்க-கனடிய தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக் சாக்கரில் (எம்எல்எஸ்) ஆடுகிறது. பள்ளிப் படிப்பையும் பயிற்சியையும் இணைத்து அந்த அணி நடத்திவந்த உறைவிடப் பயிற்சித் திட்டத்துக்கு 2015இல் டேவிஸுக்கு அழைப்பு வந்தது. எட்மன்டனிலிருந்து வான்கூவர் சாலை வழியே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. போரிலிருந்து குடும்பத்தைக் காப்பாற்றிக் கொண்டுவந்த ஒரு தாய்க்கு, 14 வயது மகனைத் தனியே தொலைவுக்கு அனுப்புவது எளிய முடிவாக இருக்க முடியாது. அவர் தயங்கினார், பிறகு இசைந்தார்.

அதன் பிறகு நிகழ்ந்தவை வேகமானவை. 2016 பிப்ரவரியில், 15 வயதில், ஒயிட்கேப்ஸின் இரண்டாம் அணியுடன் ஒப்பந்தம். மே மாதம் அந்த அணிக்காக முதல் கோல். ஜூன் மாதம் கனடியக் கோப்பைப் போட்டியில் முதன்மை அணிக்காக அறிமுகம். ஜூலை 16 அன்று ஆர்லாண்டோ சிட்டி அணிக்கு எதிராக எம்எல்எஸ் களத்தில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 15 ஆண்டுகள், 8 மாதங்கள். அந்த லீக்கின் வரலாற்றில் அவரைவிடக் குறைந்த வயதில் ஆடியிருந்தவர் அதுவரை ஒருவரே: ஃப்ரெடி அடு.

அடுவின் பெயர் இங்கே வெறும் புள்ளிவிவரம் இல்லை. அவரும் கானாவில் பிறந்தவர். எட்டு வயதில் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறியவர். 2004இல் தனது 14ஆம் வயதில் டிசி யுனைடெட் அணிக்காகக் களமிறங்கியபோது, ‘அடுத்த பெலே’ என்று ஊடகங்கள் அவரைக் கொண்டாடின. பெரும் விளம்பர ஒப்பந்தங்கள் அவரைத் தேடி வந்தன. ஒரு சிறுவனின் தோளில் ஒரு லீக்கின் வணிக எதிர்காலமே ஏற்றிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டுகளில் நாடு விட்டு நாடு, அணி விட்டு அணி என்று அலைந்த அவர், எதிர்பார்க்கப்பட்ட உயரத்தை எட்டவே இல்லை. ஓர் இளம் வீரரின் திறமையைக் கண்டறிவதைவிட, கண்டறிந்த பின் பொறுமையாகக் காத்திருப்பது கடினம் என்பதற்கு அடுவின் வாழ்க்கை சான்று.

டேவிஸின் விஷயத்தில் அந்தப் பொறுமை காட்டப்பட்டது. வேல்ஸ் நாட்டவரான அணியின் பயிற்றுநர் கார்ல் ராபின்சன் அவரைச் சிறுகச் சிறுகவே களமிறக்கினார். எம்எல்எஸ் லீக்கின் 2016, 2017 பருவங்களில் டேவிஸ் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. இடது ஓரத்தில் முன்களத்தில் ஆடும் ஒருவருக்கு இது பெருமைப்படத்தக்க கணக்கு அல்ல. ஆயினும், அவர் ஒதுக்கப்படவில்லை. லீக்கில் முதல் கோல் 2018 மார்ச்சில் வந்தது. அந்தப் பருவத்தில் 31 ஆட்டங்களில் 8 கோல்களை அடித்தார். சக வீரர்கள் கோல் அடிக்க 11 முறை பந்தை அமைத்துக் கொடுத்தார். முதல் இரண்டு ஆண்டுகளில் அவரைக் கணக்குப் பார்த்துக் கைவிட்டிருந்தால், மூன்றாம் ஆண்டு வந்திருக்காது.

ஒரு நாடு தரும் ஆவணம்: கிளப்புக்காக ஆட ஒப்பந்தம் போதும். நாட்டுக்காக ஆடுவதற்கு அந்நாட்டின் குடியுரிமை வேண்டும். எத்தனை ஆண்டுகள் அங்கே வாழ்ந்திருந்தாலும் வசிப்பிடம் மட்டும் போதாது. கனடாவின் இளையோர் பயிற்சி முகாம்களுக்கு டேவிஸ் அழைக்கப்பட்டிருந்தார். ஆனால், அவர் கனடியர் ஆகியிருக்கவில்லை. பெற்றோர் வழியில் லைபீரியாவுக்காக ஆடும் தகுதி அவருக்கு இருந்தது. உலகின் சிறந்த கால்பந்து வீரருக்கான ‘பாலன் தோர்’ விருதை 1995இல் வென்ற ஜார்ஜ் வியாவின் நாடு அது. அந்த வியா 2018இல் லைபீரியாவின் அதிபராகப் பொறுப்பேற்றார்.

2017 ஜூன் 6 அன்று டேவிஸுக்குக் கனடியக் குடியுரிமை கிடைத்தது. தேசிய அணியின் பயிற்றுநர் ஆக்டேவியோ சாம்பிரானோ அன்றைய நாளிலேயே அவரை அணியில் சேர்த்தார். ஒரு வாரம் கழித்து, ஜூன் 13 அன்று, குராசாவ் அணிக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் களமிறங்கிய அவர், கனடிய ஆடவர் அணிக்காக அதுவரை ஆடியவர்களிலேயே வயதில் இளையவர் ஆனார். ஜூலையில் வட, மத்திய அமெரிக்க, கரீபிய நாடுகளுக்கான தங்கக் கோப்பைப் போட்டி தொடங்கியது. பிரெஞ்சு கயானாவுக்கு எதிராக இரண்டு கோல்கள். கோஸ்டா ரிகாவுக்கு எதிராக ஒன்று. தொடரின் முடிவில் அதிக கோல் அடித்தவருக்கான விருதும், சிறந்த இளம் வீரருக்கான விருதும் 16 வயது டேவிஸுக்குக் கிடைத்தன.

கனடாவில் அவர் வாழத் தொடங்கிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆண்டுகளில் அவர் கற்ற ஆட்டம், பேசிய மொழி, பழகிய தோழர்கள் எல்லாம் கனடாவைச் சேர்ந்தவை. எனினும், ஜூன் 5 அன்று அவரால் அந்நாட்டுக்காக ஆட முடியாது. ஜூன் 6 அன்று முடியும். இடையில் மாறியது அவருடைய ஆட்டமல்ல, அவருடைய தாள். புலம்பெயர்ந்த ஒருவரின் வாழ்வில் ஓர் ஆவணத்துக்கு உள்ள ஆற்றலை, பிறப்பிலேயே குடியுரிமை பெற்ற நம்மில் பலரால் முழுமையாக உணர முடிவதில்லை.

பதினெட்டுக்காகக் காத்திருத்தல்: 2018 ஜூலையில் பயர்ன் மியூனிக்குடன் ஒப்பந்தம் முடிவானது. எல்லா நிபந்தனைகளும் நிறைவேறினால் 2.2 கோடி அமெரிக்க டாலர் வரை எட்டக்கூடிய தொகை. அதற்கு முன் எம்எல்எஸ் அணியொன்று ஒரு வீரரை விற்றுப் பெற்ற மிக உயர்ந்த தொகை, 2008இல் ஜோசி ஆல்டிடோருக்காகக் கிடைத்த ஏறத்தாழ ஒரு கோடி டாலர்தான். ஆனால், ஒப்பந்தம் முடிந்தும் டேவிஸ் உடனே ஜெர்மன் அணிக்காக ஆட முடியவில்லை.

வீரர்களின் இடமாற்றம் குறித்த ஃபிஃபா விதிகளின் 19ஆம் பிரிவு இதற்குக் காரணம். 18 வயது நிறையாத வீரரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டின் கிளப்புக்கு மாற்றக் கூடாது என்பது அதன் சாரம். கால்பந்துடன் தொடர்பில்லாத காரணங்களுக்காகப் பெற்றோர் குடிபெயர்வது, ஐரோப்பிய ஒன்றியப் பகுதிக்குள் 16 வயதுக்கு மேல் நிகழும் மாற்றம், எல்லையை ஒட்டி வாழ்வது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. பெற்றோரின்றித் தப்பிவந்த அகதிச் சிறார்களைக் கருத்தில்கொண்டு, மனிதாபிமான அடிப்படையிலான விதிவிலக்கும் பின்னர் சேர்க்கப்பட்டது.

இந்த விதி காரணமின்றி வந்ததல்ல. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சிறுவர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துச் செல்வதாகச் சொல்லிக் குடும்பங்களிடம் பணம் பறித்த போலி முகவர்கள் ஏராளம். தகுதித் தேர்வில் தோற்ற சிறுவர்கள் மொழி தெரியாத நகரங்களில், ஆவணமின்றி, திரும்பிச் செல்லப் பணமின்றிக் கைவிடப்பட்டனர். பெரிய கிளப்புகளும் விதிக்கு வெளியே இல்லை. வயது வராதோரை விதிமீறிச் சேர்த்ததற்காக 2014இல் பார்சிலோனா அணிக்கு, அடுத்தடுத்த இரண்டு இடமாற்றக் காலங்களில் புதிய வீரர்களைச் சேர்க்கக் கூடாது என்று தடை விதிக்கப்பட்டது.

ஆகவே டேவிஸ் காத்திருந்தார். நவம்பர் 2 அன்று 18 வயது நிறைந்தது. 2019 ஜனவரியில் மியூனிக் அணியில் முறைப்படி சேர்ந்தார். இடைப்பட்ட மாதங்களில் வான்கூவருக்காகவே தொடர்ந்து ஆடினார். அக்டோபர் 28 அன்று போர்ட்லாண்ட் அணிக்கு எதிரான தனது கடைசி ஆட்டத்தில் இரண்டு கோல்களை அடித்து, 2-1 என்ற வெற்றியுடன் விடைபெற்றார். இளம் வீரரைத் தடுப்பதுபோல் தோன்றும் ஒரு விதி, அவர் பழகிய மண்ணில் மேலும் சில மாதங்கள் முதிர்வதற்கு அவகாசம் தந்தது. எல்லாக் கதவுகளும் விரைவாகத் திறக்க வேண்டியதில்லை. சில கதவுகள் உரிய காலம்வரை மூடியிருப்பதும் ஒரு பாதுகாப்புதான்.

இடம் மாறிய வீரர்: மியூனிக்கில் முதல் சில மாதங்கள் எளிதாக இல்லை. ஜனவரி 27 அன்று ஷ்டுட்கார்ட் அணிக்கு எதிராக ஜெர்மன் லீக்கில் அறிமுகமானார். மார்ச்சில் மைன்ஸ் அணிக்கு எதிராக முதல் கோல் அடித்தார். எனினும், அந்தப் பருவத்தில் பெரும்பாலான ஆட்டங்களை அவர் களத்துக்கு வெளியே இருந்துதான் பார்த்தார். முன்களத்தின் இரு ஓரங்களிலும் அவருக்கு முன்னே அனுபவம் மிக்க வீரர்கள் வரிசையில் இருந்தனர்.

2019 அக்டோபரில் அணியின் தடுப்பாட்டக்காரர்களான நிக்லாஸ் ஸூலேயும் லூக்காஸ் ஹெர்னாண்டஸும் அடுத்தடுத்துக் காயமடைந்தனர். இடது பின்களத்தில் ஆடிவந்த டேவிட் அலாபா நடுத் தடுப்புக்கு நகர்த்தப்பட்டார். காலியான இடது பின்களத்துக்கு, தாக்குதல் ஆட்டக்காரராக வந்த டேவிஸ் அனுப்பப்பட்டார். அடுத்த மாதம் பயிற்றுநர் நிக்கோ கோவாச் விலகி ஹான்ஸி ஃப்ளிக் பொறுப்பேற்றார். அவரும் அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தார்.

ஃப்ளிக்கின் அணி, எதிரணியின் பாதியிலேயே தடுப்பு வரிசையை நிறுத்தி, பந்தைப் பறிக்க உடனே நெருக்கும் ஆட்டத்தை ஆடியது. அத்தகைய ஆட்டத்தில் தடுப்பு வரிசைக்கும் கோல் காப்பாளருக்கும் இடையே பெரிய வெற்றிடம் உருவாகும். எதிரணி ஒரு நீண்ட பந்தை அங்கே அனுப்பினால் ஆபத்து. அந்த வெற்றிடத்தில் ஓடிச் சென்று எதிராளியை எட்டிப்பிடிக்கக்கூடிய ஒருவர் இருந்தால்தான் அந்த உத்தி பலிக்கும். டேவிஸ் அந்த ஒருவர் ஆனார். 2020 ஜூனில் வெர்டர் பிரேமன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் மணிக்கு 36.51 கி.மீ. வேகத்தில் அவர் ஓடியது பதிவானது. தவறான இடத்தில் நின்றுவிட்டாலும் ஓடித் திருத்திக்கொள்ளும் வேகம், புதிய இடத்தைக் கற்றுக்கொள்ள அவருக்கு அவகாசம் கொடுத்தது.

அந்தப் பருவத்தில் ஜெர்மன் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் ஆகிய மூன்றையும் பயர்ன் வென்றது. ஆகஸ்ட் 14 அன்று லிஸ்பனில் பார்சிலோனாவை 8-2 என்று வீழ்த்திய காலிறுதியில், இடது ஓரத்தில் எதிராளிகளைக் கடந்து கோல் எல்லைக்கோடு வரை பந்தைக் கொண்டுசென்று ஜோஷுவா கிம்மிக்குக்கு அவர் அமைத்துக்கொடுத்த ஐந்தாவது கோல், இன்றும் பேசப்படுகிறது. ஒன்பது நாள்கள் கழித்து, பெருந்தொற்றால் பார்வையாளர்களின்றி நடந்த இறுதியாட்டத்தில் பாரிஸ் செயின்ட் ஜெர்மெய்ன் அணியை 1-0 என்று வென்று பயர்ன் கோப்பையைக் கைப்பற்றியது. சாம்பியன்ஸ் லீக்கை வென்ற முதல் கனடிய ஆடவர் தேசிய அணி வீரர் என்ற பெயர் டேவிஸுக்குக் கிடைத்தது. கனடாவுக்கு அவர் வந்து அப்போது பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

பலன் யாருக்கு?: ஒரு வீரர் விலைக்கு மாறும்போது, அவரை வளர்த்தவர்களுக்கும் பங்கு சேர வேண்டும் என்ற கருத்து ஃபிஃபாவின் விதிகளில் உண்டு. நாடு விட்டு நாடு மாறும் வீரருக்கான தொகையில் ஐந்து விழுக்காடு வரை, அவருடைய 12 வயது முதல் 23 வயது வரை பயிற்சியளித்த கிளப்புகளுக்குப் பிரித்தளிக்கப்பட வேண்டும் என்கிறது ‘ஒருமைப்பாட்டுப் பங்களிப்பு’ என்ற ஏற்பாடு. நல்ல விதிதான். ஆனால், அதன் கணக்கு 12 வயதில்தான் தொடங்குகிறது. பதிவுபெற்ற கிளப்புகளுக்கு மட்டுமே பொருந்துகிறது. அதற்கு முன், கட்டணம் வாங்காமல் ஒரு குழந்தைக்குக் காலணி கொடுத்துத் திடலுக்கு அழைத்து வந்த பள்ளி லீக்குக்கும், ஆசிரியருக்கும் அந்தக் கணக்கில் இடமில்லை. கோடிகள் புரளும் ஒரு தொழில், தன் வேரை நன்கொடையாளர்களின் பரிவில் விட்டிருக்கிறது. டேவிஸ் போன்ற இன்னொருவர் வர வேண்டுமானால், கைவைக்க வேண்டிய இடம் இது.

ஒருவரைக் கொண்டு அளக்கலாமா?: டேவிஸின் கதையைச் சொல்லும்போது ஓர் ஆபத்தும் ஒட்டிக்கொண்டு வருகிறது. அகதிகளை ஏற்றுக்கொண்டால் நாட்டுக்கு இப்படிப்பட்ட நட்சத்திரங்கள் கிடைப்பார்கள் என்ற வாதம் அது. நல்ல எண்ணத்தில் சொல்லப்பட்டாலும், அது ஓர் அகதியின் மீது கூடாத சுமையை ஏற்றுகிறது. 2005இல் கனடா ஏற்றுக்கொண்டது ஒரு கால்பந்து வீரரை அல்ல. போரில் வீடிழந்த பெற்றோரையும், அவர்களுடைய ஐந்து வயது மகனையும். அந்தச் சிறுவன் வளர்ந்து ஓட்டுநராகவோ, செவிலியராகவோ, கடைச் சிப்பந்தியாகவோ ஆகியிருந்தாலும் அந்த முடிவு சரியான முடிவாகவே இருந்திருக்கும். 2021இல் ஐநா அகதிகள் முகமையின் நல்லெண்ணத் தூதராக டேவிஸ் நியமிக்கப்பட்டார். அப்பொறுப்புக்கு வந்த முதல் கால்பந்து வீரர் அவரே. தன்னைப் போன்றவர்களுக்காகப் பேச அவர் ஏற்ற பொறுப்பு, கோல் அடிக்காத அகதிகளுக்காகவும்தான்.

ஏற்பு என்பது ஒருமுறை கிடைத்தால் என்றென்றைக்கும் நிலைப்பதும் அல்ல. 36 ஆண்டுகளுக்குப் பிறகு கனடா ஆடிய உலகக் கோப்பையில், 2022 நவம்பர் 27 அன்று கத்தாரில் குரோவேஷியாவுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய இரண்டாவது நிமிடத்தில் டேவிஸ் தலையால் முட்டிக் கோல் அடித்தார். உலகக் கோப்பையில் கனடிய ஆடவர் அணியின் முதல் கோல் அதுவே. நாடே கொண்டாடியது, எனினும், ஆட்டத்தை 4-1 என்று குரோவேஷியா வென்றது. அதே ஆட்டத்தில் கனடாவின் கோல் காப்பாளராக நின்ற மிலன் போர்யானும் ஓர் அகதிச் சிறுவனாக இருந்தவர்தான். இன்றைய குரோவேஷியாவிலுள்ள க்னின் நகரில் செர்பியக் குடும்பத்தில் பிறந்து, 1995இல் போரால் விரட்டப்பட்டுப் பின்னர் கனடாவில் குடியேறியவர். அவருடைய பிறப்பையும் அகதி வாழ்வையும் குத்திக்காட்டிக் குரோவேஷிய ரசிகர்கள் சிலர் முழக்கமிட்டனர், பதாகை பிடித்தனர். அதற்காகக் குரோவேஷியக் கால்பந்துச் சங்கத்துக்கு ஃபிஃபா அபராதம் விதித்தது. ஒரே அணியில், ஒரே மாலையில், ஓர் அகதிக்குக் கைத்தட்டலும் இன்னோர் அகதிக்கு வசையும் கிடைத்தன.

புடுபுராமிலிருந்து மியூனிக் வரையிலான பாதையில் டேவிஸின் கால்கள் ஓடிய தூரம் அவருடையது. அந்தப் பாதையில் ஒரு மீள்குடியேற்ற அனுமதி, கட்டணமில்லாத ஒரு பள்ளி லீக், மகனைப் பிரிய இசைந்த ஒரு தாய், கோல் அடிக்காத இரண்டு பருவங்களைப் பொறுத்துக்கொண்ட ஒரு பயிற்றுநர், உரிய காலத்தில் கிடைத்த ஒரு குடியுரிமை, வயது நிறையும்வரை காக்கவைத்த ஒரு விதி ஆகியவை இருந்தன. இவற்றில் தாயின் மனத்தை எந்த அரசும் உருவாக்க முடியாது. மற்றவை அனைத்தும் மனிதர்கள் கூடி முடிவெடுத்தால் எந்த நாட்டிலும் உருவாக்கக்கூடியவை. புடுபுராமைப் போன்ற முகாம்களில் இன்றும் குழந்தைகள் பிறந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கதவுகள் திறக்கும் என்பதை முடிவுசெய்வது அவர்களுடைய கால்களின் வேகம் அல்ல.